எந்த நேரத்தில் சொல்ல

ஞானப்பூ டீச்சர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க அண்ணாச்சி, எம்புட்டு நேரந்தான் நிப்பிய" என்று மறுபடியும் சொன்னாள். "இருக்கட்டும் டீச்சர்" என்றார் ஆவுடையப்பன். தூணில் சாய்ந்தபடியே காலை மட்டும் மாற்றிக்கொண்டார். உட்கார்ந்தால் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், அந்த ஒரு இடத்தைத் தவிர தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிக்கூடம் முழுக்க அன்றைக்கென்று சனம் அடைந்து கிடந்தது. அவள் பக்கத்தில் உட்காருவதற்குப் பதில் நின்று நின்று முட்டி கழன்றே போகலாம். கழன்றால் இங்கேயே எலும்பு டாக்டர் இருப்பார், பாளையங்கோட்டையில் டாக்டருக்கா பஞ்சம். மனசு இப்படி வம்பளந்துகொண்டிருந்தாலும் கண் என்னவோ அந்தக் கண்ணாடிக் கதவிலும் கதவுக்கு மேலே மாட்டியிருந்த மைக்கிலும்தான் இருந்தது. அது கொஞ்சம் கரகரக்கும், பிறகு "உலகம்மாள் அட்டெண்டர்" என்று கூப்பிடும். இந்த ஆஸ்பத்திரியில் வெளியே காத்துக்கிடப்பவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, உள்ளே படுத்திருக்கிறவர்களின் பெயர்தான் இவர்களுக்கும். ஊரில் பாதி வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் கொடுத்த கடைக்காரர், மூன்று நாளாக உலகம்மாள் அட்டெண்டர். அதில் அவருக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் பெண்டாட்டி பெயரில் கூப்பிடப்படுவதில் யாருக்கும் சொல்லாத ஒரு பெருமைகூட இருந்தது. வருத்தமெல்லாம் வேறு. நேற்று மைக்கு கூப்பிட்ட நேரம் அவர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார், எழுந்து போனது ஞானப்பூ. உலகம்மாள் அட்டெண்டர் என்றதும் அவள் எழுந்து உள்ளே போயிருக்கிறாள், கொஞ்சம்கூடத் தயங்காமல். திரும்பி வந்து, "மருந்து வாங்கியாரச் சொன்னாங்க, வாங்கிக் குடுத்திட்டேன்" என்று அவரிடமே சொன்னாள். அவர் தலையாட்டினார். குடித்த டீ வயிற்றில் அப்படியே புளித்துப்போனது.

இன்று காலையில் டாக்டர் நஸ்ரின் வெளியே வந்தபோது அவர் தயாராக நின்றார். சின்னப் பெண், அவர் கடையில் கணக்குப் பார்க்கிற பெண்ணைவிடச் சிறியவளாக இருப்பாள், ஆனால் நிதானமாகப் பேசினாள். "நேத்து சாயங்காலம் அவங்க ஹார்ட் நின்னுச்சு, நெஞ்ச அழுத்தித் திரும்பக் கொண்டுவந்தோம், உங்களுக்கே தெரியும். கிட்னி ரெண்டும் கைவிட்டுருச்சு. ஹார்ட் ஏற்கெனவே ரொம்பப் பலவீனம். மறுபடி நிக்கலாம், இன்னைக்கேகூட. அப்படி நின்னா அழுத்தி எழுப்பணுமா, அமைதியா விட்டுரணுமான்னு நான் கேஸ் ஷீட்ல எழுதி வைக்கணும், ராத்திரி டியூட்டிக்கு வர்றவங்களுக்கும் தெரியணும்ல. மருந்து, ஆக்சிஜன், வலிக்கு ஊசி எதையும் நிறுத்தப் போறதில்ல. இந்த ஒண்ணத்தான் கேக்கறேன். எழுப்பினாலும் பழையபடி எந்திரிச்சு உக்காருவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அதையும் சொல்லிடறேன். அவங்ககிட்டயே கேக்கலாம்னா நினைவு தெளிவா இல்ல. முன்னாடி எப்பவாவது இதப் பத்திச் சொல்லியிருக்காங்களா?" ஆவுடையப்பன் எச்சிலை விழுங்கினார். அந்த விழுங்குகிற நேரத்துக்குள் பக்கத்திலிருந்து ஞானப்பூவின் குரல் வந்தது. "சொல்லியிருக்கா டாக்டர்." அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் உடம்பில் பற்றிக்கொண்ட தீ இருக்கிறதே, பெயின்டில் கலக்கிற தின்னர் கொட்டின தரையில் குச்சியைக் கிழித்துப் போட்டாலும் அப்படிப் பற்றியிருக்காது. "எங்கிட்ட சொல்லியிருக்கா" என்றார் சத்தமாக. "எல்லாம் செய்யணும்னு சொல்லியிருக்கா. எத்தன தடவ நின்னாலும் எழுப்பச் சொல்லியிருக்கா." பச்சைப் பொய். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்றே அவருக்குத் தெரிந்தது. ஞானப்பூ அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, அவ அப்படிச் சொல்லலியே" என்று மெதுவாகச் சொன்னாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வர்றேன். நான் எழுதற வரைக்கும், நின்னா எழுப்பத்தான் செய்வோம்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குள் போய்விட்டாள்.

பேசிக்கொள்ள வேண்டுமாம். எதைப் பேச? அவருக்குக் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான், எப்போது சொன்னாள், என்னவென்று சொன்னாள். கேட்டால், தன்னிடம் சொல்லவில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவர் கேட்கவில்லை, தானாகவே எல்லாவற்றையும் ஜோடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரமாகத்தான் இருக்கும். உலகம்மாளும் ஞானப்பூவும் ஒன்றாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வராந்தாக் கோடியில் ஒரு மரப்பெஞ்சு உண்டு, உலகம்மாள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது ஒருதரம் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் நடுவில் தூக்குவாளிகளைப் பரப்பிக்கொண்டு, ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, கை தன்பாட்டுக்குப் போய் எடுத்து வந்தது. அவர் இத்தனை வருஷத்தில் உலகம்மாள் தட்டிலிருந்து ஒரு அப்பளம்கூட எடுத்ததில்லை, அவளும் அவர் தட்டில் கைவைத்ததில்லை. வீட்டில் சொதி வைத்தால் முதல் கரண்டி டீச்சருக்குப் போகிற கிண்ணத்தில்தான் விழும். எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கினால் குலையாமல் முழுசாக இருப்பது டீச்சருக்கு, காம்பு கழன்றது அவருக்கு. "என்னத்துக்குளா அவுகளுக்குப் பாத்துப் பாத்து எடுத்து வைக்க, நான் ஒருத்தன் இங்க இருக்கேம்லா" என்று ஒருநாள் சிரிப்பு மாதிரி கேட்டார். "நீங்க என்னத்தப் போட்டாலும் பேப்பரப் பாத்துக்கிட்டே திம்பிய. அவ ஒவ்வொரு வாய்க்கும் நல்லாருக்கும்பா" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேப்பரைப் பக்கத்தில் வைக்காமல் சாப்பிட்டார், நல்லாருக்கு என்றும் சொன்னார். உலகம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உடம்புக்கு எதும் செய்யுதா" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து பேப்பர் திரும்பி வந்துவிட்டது.

அந்தப் பெஞ்சில் வேறு என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நினைத்தாலே அவருக்குக் காது மடல் சுட்டது. பிள்ளை இல்லாததைப் பேசியிருப்பார்களா? பேசியிருப்பார்கள். வீட்டில் அதை அவரும் அவளும் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள், விட்டதை அவள் எங்காவது கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும்தானே. அவர் குறட்டையைப் பேசியிருப்பார்கள். அவர் அம்மாவின் நாக்கைப் பேசியிருப்பார்கள். ஞானப்பூ அவரைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டோரத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு வைத்திருப்பாள், எல்லாம் தெரிந்தவள் சிரிக்கிற சிரிப்பு, இப்போதுகூட அது இருக்கிறதா என்று அவர் திரும்பிப் பார்த்தார். இல்லை. கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது. எதிர்ச்சுவரில் ஆஸ்பத்திரிப் பச்சை. யாரோ மலிவு டிஸ்டெம்பரைத் தண்ணீர் கூட்டி அடித்திருந்தான், கீழே ஆள் சாய்ந்து சாய்ந்து வழுவழுத்துக் கிடந்தது. சுவரைப் பார்த்தால் அவருக்கு நிறம்தான் முதலில் கண்ணில் படும், நிறம் பட்டால் அந்த மஞ்சள் ஞாபகம் வரும், வந்தேவிட்டது. உலகம்மாள் அவரிடம் கேட்ட ஒரே நிறம். அடுக்களைக்கு இளமஞ்சள் அடிக்கலாமா என்று கேட்டாள். "எண்ணெப்புகை ஏறி ரெண்டே மாசத்துல பீக்கலராயிரும்" என்று தொழில் தெரிந்தவராகச் சொல்லிவிட்டு, வெள்ளையிலேயே ஒரு சாம்பல் வெள்ளையை அடித்துக் கொடுத்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் டீச்சர் வீட்டுக்கு என்று ஒரு டின் மஞ்சள் கேட்டு ஆள் வந்தது. அவரே நின்று கலந்தார், மூடியில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்த்தார், இன்னும் ஒரு சொட்டு வெள்ளை சேர்த்து, பிரமாதமாக வந்திருக்கிறது என்று தானே மெச்சிக்கொண்டு அனுப்பினார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு டீச்சர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், உலகம்மாள் யாரையும் கேட்காமல் நேரே அடுக்களைக்குள் போனாள். மஞ்சளுக்கு நடுவில் நின்று, இடம் தெரிந்து டப்பாவைத் திறந்து சீனி எடுத்தாள். "உலகுதான் இந்தக் கலர எடுத்துக் குடுத்தா அண்ணாச்சி" என்றாள் ஞானப்பூ. உலகு. அவர் மட்டும் கூப்பிடுகிற பெயர் என்று அதுநாள்வரை நினைத்திருந்தார். அன்றைக்குத் தின்ற கேக் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

அவருக்கு என்று அவள் என்னதான் வைத்தாள்? ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சு இரைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள். அவரும் குனிந்தார், காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கேஸ மூடுனியளா?" என்றாள். மூடினேன் என்றார். "மாடில துணி கெடக்கு. மழ வரும்." அதோடு சரி, கண்ணை மூடிக்கொண்டாள். சாகிற சேதியைச் சிநேகிதிக்குச் சொல்லிவிட்டு, கட்டினவனுக்குக் கேஸ் அடுப்பையும் கொடியில் கிடந்த துணியையும் விட்டுப் போயிருக்கிறாள். இதை யாரிடமாவது சொல்லி நியாயம் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது, அவருக்குத்தான் ஞானப்பூ மாதிரி ஒரு ஆள் கிடையாதே. கடையில் வந்து உட்காருகிற சிநேகிதர்கள் நாலு பேர் உண்டு, டீ குடிப்பார்கள், ஊர் உலகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள், ஒருவன்கூட இன்னொருவனிடம் தன் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொன்னதில்லை. சாயங்காலங்களில் உலகம்மாள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து ஒரு சிரிப்பு இறங்கி வரும். வாய்விட்டு, மூச்சு முட்ட, சின்னப் பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கிற மாதிரி. படியிறங்கி வருவதற்குள் அது முடிந்துபோயிருக்கும், முகத்தில் மிச்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். "என்ன சிரிப்பு?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல, பள்ளிக்கூடத்து விசயம்" என்பாள். பள்ளிக்கூடத்தில் அப்படி என்னத்தைத்தான் கண்டார்களோ. ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் பள்ளிக்கூடத்து விசயம் தீரவே இல்லை.

சரி, அவரிடம் சொல்லவே அவள் முயற்சி செய்யவில்லையா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் மனசு காலில் முள் குத்தினவன் மாதிரி சுருக்கென்று பின்வாங்கியது. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்துகொண்டிருந்தார், வந்ததும் திரும்பிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை திரும்ப முடியவில்லை, எதிரே நாற்காலியில் ஒரு அம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள், இங்கே வந்தும் பூக்கட்டுகிறாளே என்று பார்த்தவருக்கு இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. வெள்ளிக்கிழமை. அவள் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை, உலகம்மாள் தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "இங்கேருங்க, ஒண்ணு சொல்லணும். எனக்கு நாளப்பின்ன ஏதாவது ஆச்சுன்னா..." "ஏளா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேசுத பேச்சா இது?" என்று அதட்டினார். அவள் எழுந்து போய்விட்டாள். இன்னொருநாள் சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு வந்து, "நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க, எங்க அப்பாவ ஆஸ்பத்திரில என்ன பாடு படுத்துனாங்கன்னு பாத்தியள்லா..." என்று ஆரம்பித்தாள். "விளக்கு வச்ச நேரத்துல அபசகுனமா வாயத் தெறக்காத." காலையில் கடைக்குப் புறப்படுகிற நேரம், செருப்பில் காலை நுழைக்கும்போது சொல்ல வந்தாள். "வெளிய எறங்கும்போதா சொல்லுவ?" அமாவாசை, கிருத்திகை, யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற வழி. கெட்ட வார்த்தையை வீட்டுக்குள் விடக்கூடாது என்று அவர் அம்மா வளர்த்த வளர்ப்பு, நல்ல பெயின்ட் அடித்தால் உள்ளே ஈரம் வராது என்று நம்புகிற மாதிரி அவரும் நம்பிக்கொண்டே வந்தார். ஒருநாள் உலகம்மாள் அடுக்களை வாசலில் நின்று, கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டாள். "பின்ன எந்த நேரத்துலதான் சொல்ல?" அவர் பேப்பரைத் திருப்பினார். பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளிக்கிழமை கிடையாது, விளக்கு வைக்கிற நேரமும் கிடையாது. மத்தியானம் வெட்ட வெளிச்சத்தில், எண்ணெய்க் கத்தரிக்காயைத் தின்றுகொண்டே, சாவைப் பற்றிப் பேசலாம்.

நேற்று சாயங்காலம் அவர் உள்ளேதான் இருந்தார். திரையை இழுத்து மூடினார்கள், சரியாக மூடவில்லை, கட்டிலின் கால்பக்கம் தெரிந்தது. யாரோ எண்ணிக்கொண்டே அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் உலகம்மாளின் பாதம் இரண்டும் துள்ளின, மெட்டி கட்டில் கம்பியில் டிங் டிங்கென்று இடித்தது. ஆள் அசையவில்லை, மெட்டி மட்டும் அவசரப்பட்டது. ஏதோ முறிகிற சத்தம் ஒன்று கேட்டது, மரச்சட்டம் உடைகிற சத்தம். நர்ஸ் பிறகு சொன்னாள், விலா எலும்பு, அழுத்தும்போது அப்படி ஆகும், வேறு வழி இல்லை என்று. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் பாடுபட்டுத்தான் எழுப்பினார்கள். எழுந்த உலகம்மாள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், முகம் கோணியது, நெஞ்சைத் தொட வந்த கை பாதி வழியில் விழுந்தது. இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் இன்று காலையில் எத்தனை தடவை நின்றாலும் எழுப்புங்கள் என்று வீராப்பாகச் சொல்லியிருக்கிறார். ஏன்? பாசமா? பாசம் இல்லாமலா. ஆனால் அவர் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு தன்னையே கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக் கேட்டபோது, அடியில் வேறொன்று கிடந்தது. அவள் எழுந்தால் கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தால் போதும், ஏன் உலகு எங்கிட்ட சொல்லலை, அவகிட்ட ஏன் சொன்னே என்று கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான். அந்த ஒரு கேள்விக்குத்தான் மறுபடியும் அந்த நெஞ்சில் ஏறி அழுத்தச் சொல்லியிருக்கிறார், மிச்சமிருக்கிற எலும்பும் முறியட்டும் என்று. தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று அவரே சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொண்டும் அந்தக் கேள்வி போகவில்லை, அங்கேயே கிடந்தது.

அப்போது உள்ளே மணி அடித்தது. கீச்சென்று விடாமல் அடிக்கிற அந்த மணி. கண்ணாடிக்குப் பின்னால் பச்சை உடுப்புகள் ஓடின, ஒருத்தி ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள், அது போன திசை உலகம்மாள் கட்டில் இருந்த திசை. கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், ஒவ்வொருவர் முகத்திலும் என் ஆளா என் ஆளா என்ற ஒரே கேள்வி. பூக்கட்டின அம்மாளின் மடியிலிருந்து பூ சிதறியது. ஆவுடையப்பனுக்குக் காதில் மெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது, டிங் டிங்கென்று, கதவுக்கு இந்தப் பக்கம் அது கேட்க வழியே இல்லை, ஆனாலும் கேட்டது. கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, "வேண்டாம்" என்றார். "வேண்டாம்மா, விட்டிருங்க. அவள விட்டிருங்க. போதும்." யாருக்கும் கேட்டிருக்காது, கதவு கனமான கதவு. மைக்கு கரகரத்தது. "மாரிச்செல்வம் அட்டெண்டர், மாரிச்செல்வம் அட்டெண்டர் உடனே வாங்க." பூக்கட்டின அம்மாள்தான் ஓடினாள். ஊரான் வீட்டுத் துக்கத்தில் தனக்கு இப்படி ஒரு நிம்மதியா என்று அவருக்குக் கூசியது, கண்ணாடியிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கை இரண்டும் வியர்வையாகப் பதிந்திருந்தன. திரும்பினால் ஒரு அடி பின்னால் ஞானப்பூ நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் கையிலிருந்த கைக்குட்டையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் அவளுடைய கைக்குட்டை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் நஸ்ரின் வெளியே வர நேரமாயிற்று. முகம் வாடியிருந்தது, மாரிச்செல்வம் என்ன ஆனான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குப் பின்னால் நர்ஸ் கேஸ் ஷீட்டோடு வந்தாள். "பேசினீங்களா?" என்று டாக்டர் கேட்டாள். "எழுப்ப வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன். சொன்னதும் கூடம் காலியான மாதிரி இருந்தது. "காலைல வேற சொன்னீங்களே?" அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் குரலைத் தாழ்த்தி, "நான் குத்தம் சொல்லலங்க. அவங்க விருப்பம் என்னன்னு எனக்குச் சரியாத் தெரியணும், அதுக்காகக் கேக்கறேன். யார்கிட்ட சொன்னாங்க?" என்றாள். இதுதான் அந்த இடம். சொல்லிவிடலாம், எங்கிட்ட சொல்லலைம்மா, இவுககிட்டதான் சொன்னா. சொல்லத்தான் வாயைத் திறந்தார், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அண்ணாச்சிகிட்டதான் சொன்னா டாக்டர்" என்றாள் ஞானப்பூ. "நானும் கூட இருந்தேன். அண்ணாச்சிக்குக் காலைல இருந்த பதட்டத்துல ஒண்ணும் ஓடல." ஆவுடையப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பொய் சொன்ன பிள்ளையை வெயிலில் நிறுத்துகிறவள் என்று உலகம்மாள் சொல்லியிருக்கிறாள். அவள் அவருக்காகப் பொய் சொல்கிறாள். நன்றி வரவேண்டிய இடத்தில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது, இதையும் இவள்தான் கொடுக்கவேண்டியிருக்கிறதா, பெண்டாட்டி தன்னிடம் பேசினாள் என்கிற பெயரைக்கூட இவள் கையால்தான் வாங்க வேண்டுமா. "என்ன வார்த்தை சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் டாக்டர், பேனாவைத் திறந்துகொண்டே. "முடிஞ்சவரைக்கும் அவங்க வார்த்தையிலயே எழுதிருவேன்."

வார்த்தை. அவரிடம் இருந்த வார்த்தை கேஸ மூடுனியளா என்பதுதான். அவர் பாடம் படிக்காமல் வந்த பையன் மாதிரி விழித்தார். பக்கத்தில் ஞானப்பூ, டாக்டரைப் பார்க்காமல், அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்ல எடுத்துக் கொடுத்தாள். "லாங் பெல் அடிச்ச பெறவு..." அவர் சொன்னார், "லாங் பெல் அடிச்ச பெறவு..." "பிள்ளைகள வகுப்புல பிடிச்சு வச்சிருக்கப்படாது." "பிள்ளைகள வகுப்புல பிடிச்சு வச்சிருக்கப்படாது" என்றார், இது உலகம்மாளின் பேச்சுத்தான், அச்சு அசலாக அவள் பேச்சு, பள்ளிக்கூடத்து விசயம். "எனக்கும் மணி அடிச்சா விட்டிரணும். நெஞ்ச அமுக்கித் திருப்பிக் கூப்பிடப்படாது." அதையும் சொன்னார், குரல் கொஞ்சம் உடைந்தது, சமாளித்துக்கொண்டார். ஞானப்பூ நிறுத்திவிட்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்து டாக்டர் எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது, ஞானப்பூ உதட்டை மடித்துக்கொண்டிருந்த விதத்தில் தெரிந்தது, இன்னும் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். "சொல்லுங்க டீச்சர்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், "நீங்க அழுதாலும் கூப்பிடப்படாதுன்னு." அவர் அதைத் திருப்பிச் சொல்லப் போனார். "நீங்க அழுதாலும் கூப்பிடப்படாது" என்று தன் குரலில் தானே சொல்லி, தன் காதாலேயே அதை முதல்தடவையாகக் கேட்டார். அவள் அவரை நினைத்திருக்கிறாள். அந்தப் பெஞ்சில், அந்த வெயிலில், அவர் அழுவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. டாக்டர் எழுதி முடித்து, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். "உடம்பத் துடைச்சு விட்டுட்டு இருக்காங்க, கொஞ்ச நேரத்துல கூப்பிடுவோம். உள்ள வந்து பக்கத்துலயே உக்காந்துக்கலாம், ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெண்டு பேரும். அவர் அழவில்லை, கண் மட்டும் எரிந்தது. ஞானப்பூ போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள், வைத்துவிட்டு, அவர் வந்து எதிரே நிற்பதைப் பார்த்து மறுபடியும் மடியில் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை உட்காருங்கள் என்று சொல்லவில்லை. ஆவுடையப்பன் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் மளுக்கென்றன. பொறாமை எங்கும் போய்விடவில்லை, நெஞ்சில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உலகம்மாள் பேசினதெல்லாம், சிரித்ததெல்லாம், அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் இனி இருக்கிற ஒரே இடம் இந்தப் பக்கத்து நாற்காலிதான், இவளைப் பகைத்துக்கொண்டால் அதுவும் போச்சு. மைக்கு கூப்பிடுவதற்குள் கொஞ்ச நேரம் இருந்தது. "டீச்சர்" என்றார் கதவைப் பார்த்துக்கொண்டே. "வேற என்னெல்லாம் சொன்னா?" ஞானப்பூ அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அவரைப் பற்றி எல்லாமே தெரியும், இதுவும் தெரியும். "அதுல நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு" என்றாள் தயக்கமாக. "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே அண்ணாச்சி."

"இருக்கட்டும் டீச்சர்" என்றார். "சொல்லுங்க."